அணையாத சிவப்புப் புள்ளி: ஒரு மாருதி 800 காரின் ஆல்டர்னேட்டர் பழுது

பாளையங்கோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் 2023 ஜூலையில் தமது காரை என்னிடம் கொண்டுவந்தார். 1997 ஆம் ஆண்டு மாருதி 800. கார்பரேட்டர் வைத்த 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். ஏசி கிடையாது. பின்கண்ணாடியில் ஒட்டிய பள்ளி ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. கார் தானாக ஓடி வரவில்லை. தெருப் பையன்கள் இருவர் தள்ளிக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். வழியில் நின்றுவிடுமோ என்ற பயத்தில், கடைவாசல் வந்து சேரும்வரை ஹாரன்கூட அடிக்கவில்லை என்றார்.

இதற்குமுன் இரண்டு ஒர்க்‌ஷாப், ஒரு பேட்டரிக் கடை, ஒரு எலக்ட்ரீஷியன் என்று நான்கு இடங்கள் பார்த்தாயிற்று. புதுப் பேட்டரிக்கு நான்காயிரம் ரூபாய்க்கு மேல் போயிருந்தது. மீட்டர் பெட்டியைக் கழற்றி வயரிங்கை மாற்றிய செலவு தனி. அப்படியும் காலையில் செல்ஃப் முக்குகிறது. ஒரு நாள் முழுவதும் நிறுத்திவைத்தால் சாவியைத் திருப்பும்போது 'டக்' என்ற ஒற்றைச் சத்தத்தோடு சரி.

"காரை விற்றுவிடச் சொல்லி மகன் சொல்கிறான், தம்பி. எனக்கு மனம் வரவில்லை" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்து நீட்டினார். கணக்கு ஆசிரியர் அல்லவா, நாள், நேரம், கிலோமீட்டர், முதல் முயற்சியில் கிளம்பியதா என்பது வரை எழுதிவைத்திருந்தார். பத்தொன்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு வண்டிக்கு இவ்வளவு நல்ல சாட்சி கிடைத்தது அதுவே முதல்முறை. மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன் அந்த நோட்டைத்தான் படித்தேன்.

நோட்டு சொன்னது

மே மாதம் முழுக்க ஒரே குறிப்பு திரும்பத் திரும்ப வருகிறது: இரவில் வண்டி ஓட்டும்போது முகப்பு விளக்கு மங்குகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் தெளிகிறது. ஜூன் 2 ஆம் தேதி புதுப் பேட்டரி. அதன்பின் இரண்டு வாரம் குறையொன்றும் இல்லை. ஜூன் 17 இல் மறுபடியும் விளக்கு மங்கியிருக்கிறது. ஜூன் 20 இல் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 'டைனமோ செக் செய்தார்கள், நன்றாக இருக்கிறதாம்' என்று ஒரு வரி. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைத்தான் நம் ஊரில் இப்படி டைனமோ என்கிறோம். அதற்கு இரண்டு நாள் கழித்து, ஜூன் 22 இல்தான் முதன்முறையாக 'காலையில் கிளம்பவில்லை' என்ற குறிப்பு. அதற்குப்பின் அநேகமாக எல்லாக் காலையும் அப்படித்தான்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஜூன் 20 வரை இருந்தது சார்ஜ் போதாத குறை. அதாவது ஓடும்போது வரவேண்டியது குறைவாக வருகிறது. ஜூன் 22 க்குப்பின் வந்தது வேறொரு குறை: நிற்கும்போது பேட்டரி வடிகிறது. இரண்டுக்கும் விளைவு ஒன்றுதான், பேட்டரி இறங்கிவிடும். அதனால்தான் இரண்டையும் ஒன்றாகப் பார்த்து, பேட்டரியின் தலையிலேயே பழியைப் போட்டுவிட்டார்கள். ஜூலை முதல் வாரத்திலிருந்து ஆசிரியர் சில இரவுகளில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவைத்துப் படுத்திருக்கிறார். அப்படிச் செய்த நாள்களில் காலையில் வண்டி ஒரே முயற்சியில் கிளம்பியிருக்கிறது. பேட்டரி நல்லதுதான், காருக்குள் ஏதோ ஒன்று அதைக் குடிக்கிறது என்பதற்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

"ஜூன் 20 அன்று எப்படிச் சார் செக் செய்தார்கள்?" என்று கேட்டேன்.

"எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றினார்கள். எஞ்சின் நிற்கவில்லை. அதனால் டைனமோ நல்லது என்றார்கள்."

இந்தச் சோதனையைப் பற்றி என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இது டைனமோ காலத்துப் பழக்கம். உண்மையான டைனமோ நேர்மின்சாரம் தரும் இயந்திரம். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு என்ற பொருளே அதில் இல்லை. 1960 இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் தனது வேலியன்ட் காரில், மாறுமின்சாரத்தை உண்டாக்கி டயோடுகளால் நேர்மின்சாரமாக்கித் தரும் ஆல்டர்னேட்டரைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. அதன்பின் உலகம் முழுவதும் மெல்ல மெல்ல டைனமோ மறைந்தது. நம் ஊரில் பொருள் மாறினாலும் பெயர் மாறவில்லை, பழைய சோதனையும் மாறவில்லை. ஆல்டர்னேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைத் திடீரென்று பிரித்தால், அதுவரை பேட்டரிக்குப் போய்க்கொண்டிருந்த மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போகிறது. உள்ளே சுழலும் மின்காந்தமான ரோட்டரின் காந்தம் தணியச் சிறிது நேரம் ஆகும். அந்த இடைவெளியில் மின்னழுத்தம் பல பத்து வோல்ட்டுகள் எகிறிவிடும். அதை உறிஞ்சிக்கொள்ளும் பேட்டரியும் அப்போது இணைப்பில் இருக்காது. டயோடும், மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரும்தான் அடி வாங்கும்.

சரி, அந்தச் சோதனையால் பயனாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. இப்படிப்பட்ட எஞ்சின் ஓட இக்னிஷனுக்கு மூன்று, நான்கு ஆம்பியர் போதும். பாதி செத்த ஆல்டர்னேட்டரும் அதைக் கொடுத்துவிடும்.

சிவப்புப் புள்ளி

ஆசிரியரோடு அவருடைய மனைவியும் வந்திருந்தார். நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "தம்பி, ராத்திரி ஷெட்டில் காருக்குள்ளே சின்னதாகச் சிவப்பு விளக்கு ஒன்று எரிகிறதே, அது என்ன? திருடன் வராமல் இருக்க வைத்த விளக்கா?" என்றார். ஆசிரியர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் காரில் அப்படியொரு விளக்கே கிடையாது.

காரை ஷெட்டுக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, சார்ஜ் ஏற்றிய பேட்டரியை இணைத்தேன். சாவி என் பையில் இருந்தது. கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் ஆயிற்று. மீட்டர் பெட்டியின் ஓரத்தில், ஊதுவத்தி முனையைப் போல மங்கலான சிவப்பு தெரிந்தது. அது சார்ஜ் விளக்கு. சாவி போட்டால் எரிந்து, எஞ்சின் கிளம்பினால் அணைய வேண்டிய விளக்கு, சாவியே இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

அந்த விளக்கின் இணைப்பு தெரிந்தால் நோயின் பாதி அங்கேயே தெரிந்துவிடும். விளக்கின் ஒரு முனை இக்னிஷன் சுவிட்சிலிருந்து வருகிறது. மறுமுனை ஆல்டர்னேட்டரின் டி பிளஸ் முனைக்குப் போகிறது. சாவியைத் திருப்பியதும் பேட்டரி மின்சாரம் விளக்கு வழியாக ரோட்டர் சுருளுக்குள் போய் முதல் காந்தத்தை உண்டாக்குகிறது. எஞ்சின் சுழன்றதும் ஆல்டர்னேட்டர் தன் மூன்று சிறு டயோடுகள் வழியே தானே டி பிளஸ்சுக்கு மின்சாரம் தருகிறது. அப்போது விளக்கின் இரு பக்கமும் ஒரே மின்னழுத்தம். அதனால் விளக்கு அணைகிறது. ஆக அது எரிகிறது என்றால் இரு பக்கமும் சமமாக இல்லை என்று பொருள். சாவி இல்லாமல் எரிகிறது என்றால், டி பிளஸ் பக்கம் எங்கிருந்தோ திருட்டு மின்சாரம் வருகிறது. அது விளக்கைத் தாண்டி, இக்னிஷன் காயில் போன்றவற்றின் வழியே எர்த்துக்கு இறங்குகிறது.

டி பிளஸ்சுக்குப் பேட்டரி மின்சாரம் வர ஒரே ஒரு வழிதான் உண்டு. ஆல்டர்னேட்டருக்குள் ஆறு பெரிய டயோடுகள் இருக்கும். மூன்று பாசிட்டிவ் பக்கம், மூன்று எர்த் பக்கம். பேட்டரி மின்சாரம் உள்ளே திரும்பி வராமல் தடுப்பவை இவை. பாசிட்டிவ் டயோடு ஒன்று கசிந்தால், மின்சாரம் அதன் வழியே, ரோட்டரைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஸ்டேட்டர் சுருளுக்குள் புகுந்து, சிறு டயோடைத் தாண்டி, டி பிளஸ்சுக்கும் ரோட்டருக்கும் போய்விடும். கார் தூங்குகிறது, ரோட்டர் மட்டும் இரவெல்லாம் காந்தமாக விழித்திருக்கிறது.

அதைச் சோதிக்க மீட்டர்கூடத் தேவைப்படவில்லை. ஒரு மெல்லிய ஸ்குரூ டிரைவரை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, நின்றுகொண்டிருந்த ஆல்டர்னேட்டரின் புல்லி நட்டுக்கு அருகே கொண்டுபோனேன். நுனி நடுங்கி, நட்டோடு ஒட்டிக்கொண்டது. பேட்டரி டெர்மினலைக் கழற்றினேன், பிடி விட்டுப்போயிற்று. மறுபடி மாட்டினேன், ஒட்டியது. ஆசிரியரிடம் கொடுத்து அவரையும் செய்துபார்க்கச் சொன்னேன். நான்கைந்து முறை செய்துபார்த்தார், மாணவனைப் போல.

அளவுகள்

ஊகத்தை அளவால் உறுதி செய்யாமல் நான் ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதில்லை. முதலில் பேட்டரி. முழுதாகச் சார்ஜ் ஏற்றி, டெர்மினல் இல்லாமல் ஓர் இரவு வைத்திருந்ததில் 12.66 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது 10.4 வரை இறங்கி மீண்டது. 9.6 க்குக் கீழே போனால்தான் கவலைப்பட வேண்டும். பேட்டரியில் குற்றமில்லை.

அடுத்தது கசிவு. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே மல்டிமீட்டரைப் பத்து ஆம்பியர் துளையில் வைத்து இணைத்தேன். எல்லாம் அணைந்திருக்கையில் 1.34 ஆம்பியர் காட்டியது. பழைய காருக்கு 0.05 ஆம்பியருக்கு மேல் இருக்கக் கூடாது. 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரே நாளில் காலியாக இது போதும். மீட்டர் இப்படி நடுவில் இருக்கும்போது யாரும் மறதியாகக்கூடச் செல்ஃப் அடித்துவிடக் கூடாது, மீட்டர் போய்விடும்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினேன். மீட்டர் பெட்டியின் ஃபியூஸை எடுத்தபோது 1.34 என்பது 1.27 ஆனது. முந்தைய எலக்ட்ரீஷியன் ஏமாந்த இடம் இதுதான். அளவு குறைந்ததைப் பார்த்து மீட்டர் வயரிங்கில் பழுது என்று முடிவு செய்திருக்கிறார். குறைந்தது சார்ஜ் விளக்கின் பங்கு மட்டுமே. மீதி 1.27 எங்கே போகிறது என்று அவர் கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் தடித்த பி பிளஸ் ஒயர் இந்த ஃபியூஸ்கள் எதன் வழியாகவும் போவதில்லை. பேட்டரியை முற்றிலும் பிரித்துவிட்டு, அந்த ஒயரைக் கழற்றி, முனையை டேப் சுற்றி ஒதுக்கிவைத்தேன். பேட்டரியை மறுபடி இணைத்தபோது 0.01 ஆம்பியர். கசிவு ஆல்டர்னேட்டருக்குள்தான்.

ஒயரை மறுபடி மாட்டி, ஓடும் நிலையிலும் அளந்தேன். ஐடிலிங்கில் 12.9 வோல்ட், முகப்பு விளக்கும் ரேடியேட்டர் ஃபேனும் சேர்ந்தபோது 12.2. ஆக்சிலரேட்டர் கொடுத்துத் தூக்கியபோதும் 13.3 ஐத் தாண்டவில்லை. நல்ல நிலையில் 13.8 க்கும் 14.5 க்கும் இடையே நிற்க வேண்டும். மீட்டரை ஏசி, அதாவது மாறுமின்சார அளவுக்கு மாற்றி அதே முனைகளில் வைத்தபோது 1.2 வோல்ட் அலை தெரிந்தது. அரை வோல்ட்டைத் தாண்டினாலே டயோடைச் சந்தேகிக்கலாம். மலிவான சில மீட்டர்கள் ஏசி அளவில் நேர்மின்சாரத்தையும் சேர்த்துக் காட்டிப் பயமுறுத்தும். அதனால் சோதனைக் கம்பிகளை இடம் மாற்றியும் வைத்துப் பார்த்தேன். இரண்டு முறையும் அதே அளவுதான். ரேடியோவில் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ரீங்காரம் கேட்கிறது என்று ஆசிரியர் நோட்டில் எழுதியிருந்தது இந்த அலையைத்தான்.

எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டையில் 0.24 வோல்ட் இழப்பு இருந்தது. துருவைச் சுரண்டி மறுபடி முடுக்கியதும் 0.05 ஆனது.

பிரித்துப் பார்த்தது

பேட்டரியைப் பிரித்துவிட்டு ஆல்டர்னேட்டரை இறக்கினேன். இந்தக் காரில் யாரோ எப்போதோ மாற்றி மாட்டிய, ஒன்பது டயோடு கொண்ட வகை அது. முன் மூடியும் பின் மூடியும் எந்தக் கோணத்தில் சேர்ந்திருந்தன என்பதற்கு ஒரு கோடு கீறிவைத்துக்கொண்டு, நீள போல்ட்டுகளைக் கழற்றிப் பிரித்தேன். கருப்புத் தூள் மேஜையில் கொட்டியது. ரோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் கட்டிகள் தேய்ந்த தூள்.

கார்பன் இரண்டில் ஒன்று 4 மில்லிமீட்டர்தான் வெளியே நீட்டியிருந்தது. பொதுவாக 5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஸ்பிரிங்கின் அழுத்தம் போதாது. ரோட்டர் தண்டில் உள்ள ஸ்லிப் ரிங் என்ற வளையத்தைக் கார்பன் விட்டுவிட்டுத் தொடும். மே மாதத்து மங்கல் இதனால்தான். ஸ்லிப் ரிங்கில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. ரோட்டர் சுருளின் தடை 3.4 ஓம், தண்டோடு எங்கும் தொடர்பில்லை, அது நல்லது. ஸ்டேட்டரின் மூன்று சுருள்களும் ஒரே நிறம். அவற்றின் தடை மிகக் குறைவு என்பதால் சாதாரண மீட்டர் அதில் உதவாது. ஒரு சுருள் மட்டும் கறுத்திருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதும், முகர்ந்து பார்ப்பதுமே நம்பகமானது. வார்னிஷ் வெந்த வாசனை இல்லை.

டயோடுகளை ஸ்டேட்டரோடு இணைத்தபடியே சோதித்தால் ஒன்றின் குறை இன்னொன்றிலும் தெரிந்து குழப்பும். மூன்று ஸ்டேட்டர் முனைகளையும் ஈயம் உருக்கிப் பிரித்த பின்பே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஐந்து பெரிய டயோடுகள் ஒரு திசையில் அரை வோல்ட் அளவில் காட்டி, மறுதிசையில் முற்றிலும் மறித்தன. பாசிட்டிவ் தட்டின் நடு டயோடு மட்டும் இரண்டு திசையிலும் சுழியை ஒட்டிக் காட்டியது. ஓம் அளவில் 5.

என் குருநாதர் மீட்டரை நம்பமாட்டார். பேட்டரியோடு 21 வாட் பல்ப் ஒன்றைத் தொடராக இணைத்து, அதன் இரு ஒயர்களால்தான் டயோடைத் தொட்டுப் பார்ப்பார். இன்றும் நான் மீட்டருக்குப்பின் அதையும் செய்கிறேன். மீட்டர் செலுத்தும் மின்சாரம் மிகச் சிறியது. சில டயோடுகள் அந்தச் சோதனையில் தேறிவிட்டு, பாரம் ஏறும்போது விட்டுக்கொடுக்கும். நடு டயோடில் பல்ப் நேராக வைத்தாலும் எரிந்தது, மாற்றி வைத்தாலும் மங்கலாக எரிந்தது. அதே மங்கல் சிவப்புதான்.

ஜூன் 20 ஆம் தேதிச் சோதனைதான் இந்த டயோடைக் கொன்றது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. பழைய பொருள், தானாகவும் போயிருக்கலாம். ஆனால் அதற்கு முந்தைய ஒரு காலையில்கூட 'கிளம்பவில்லை' என்ற குறிப்பு நோட்டில் இல்லை. இரண்டே நாளில் வந்திருக்கிறது.

சீர் செய்தது

ஒரு டயோடை மட்டும் நெட்டித் தள்ளிவிட்டு வேறொன்றை அழுத்திப் பதிக்கலாம். நான் முழு டயோடு தட்டையும் மாற்றினேன். அதே அதிர்ச்சியை வாங்கிய மற்ற இரண்டும் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியாதபோது, கூலியை இரண்டாம் முறை வாங்க எனக்கு மனமில்லை. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியோடு நின்றுவிட்டாலும் இப்படிப்பட்ட பாகங்கள் இன்னும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஜங்ஷன் பக்கத்து லேத்தில் ஸ்லிப் ரிங்கைப் பள்ளம் மறையும் அளவுக்கு மட்டும் கடைந்து, ஜீரோ எமரித் தாளால் மெருகேற்றி வாங்கிவந்தேன். பேரிங் இரண்டையும் கையால் சுற்றியபோது பின்பேரிங் வறண்டு கரகரத்தது. மேலே பொறித்திருந்த எண்ணைப் பார்த்து இரண்டையுமே மாற்றினேன்.

ஸ்டேட்டர் முனைகளை மறுபடி ஈயம் வைத்துப் பற்றவைக்கும்போது, டயோடின் காலை மூக்குக் குறடால் பிடித்துக்கொள்ள வேண்டும். சூட்டைக் குறடு வாங்கிக்கொள்ளும், டயோடு தப்பிக்கும். புது ரெகுலேட்டரையும் கார்பனையும் வைத்து மூடும் இடத்தில்தான் புதியவர்கள் கார்பனை உடைப்பார்கள். ஸ்பிரிங் தள்ளுவதால் கார்பன் வெளியே நீட்டிக்கொண்டு ரோட்டரை உள்ளே விடாது. இந்த வகையில் பின் மூடியில் ஒரு சிறு துளை இருக்கிறது. கார்பனை உள்ளே அழுத்தி, அந்தத் துளை வழியாக ஒரு கோணி ஊசியைச் செருகித் தடுத்துவைத்தேன். ரோட்டர் இடத்தில் அமர்ந்து, நீள போல்ட்டுகள் முடுக்கியானபின் ஊசியை உருவினேன். உள்ளே 'க்ளிக்' என்று கார்பன் ரிங்கில் உட்கார்ந்த சத்தம் கேட்டது.

பழைய பெல்ட்டின் உட்புறம் கண்ணாடிபோல் வழவழத்திருந்ததால் அதையும் மாற்றி, கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் பத்து மில்லிமீட்டர் உள்வாங்கும் அளவுக்கு இழுத்துக் கட்டினேன். அதற்கு மேல் இறுக்கினால் புதுப் பேரிங் சீக்கிரம் போய்விடும்.

ஐடிலிங்கில் 14.1 வோல்ட். எல்லா விளக்கும் ஃபேனும் வைப்பரும் சேர்ந்தபோது 13.8. ஏசி அலை 0.04. நிற்கும்போது கசிவு 0.01 ஆம்பியர். ஸ்குரூ டிரைவர் புல்லியில் ஒட்டவில்லை. சாவி போட்டதும் சார்ஜ் விளக்கு பளிச்சென்று எரிந்து, எஞ்சின் கிளம்பியதும் அணைந்தது. அது பளிச்சென்று எரிவதையும் பார்த்தே ஆக வேண்டும். அந்தப் பல்ப் ஃபியூஸானால் முதல் காந்தம் கிடைக்காமல், நல்ல ஆல்டர்னேட்டரும் ஐடிலிங்கில் சார்ஜ் ஏற்றாமல் சும்மா சுற்றும்.

பாகம், லேத், கூலி எல்லாம் சேர்ந்தும் பேட்டரிக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. டெர்மினலைக் கழற்றாமல் இரண்டு இரவு நிறுத்திவையுங்கள், மூன்றாம் நாள் காலை என்ன ஆகிறது என்று நோட்டில் எழுதுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று இரவு ஒன்பதரை மணிக்கு ஆசிரியர் வீட்டிலிருந்து போன் வந்தது. பேசியது அம்மா. "தம்பி, ஷெட்டில் லைட்டை அணைத்துவிட்டு ரொம்ப நேரம் நின்று பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை, கும்மிருட்டு."